நாக்குக் கட்டிய மணி

பழைய தீயணைப்பு வண்டி பட்டறைக்கு வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இழுத்து வந்த லாரிக்காரன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே, "இதையா ஓட வைக்கப் போறீங்க? நல்லா ஓடும்" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் சிரித்ததிலும் தப்பில்லை. டயர் நான்கும் தரையோடு உட்கார்ந்திருந்தன. சிவப்பு என்று சொல்லிக்கொள்ள பானெட்டின் ஓரத்தில் ஒரு திட்டுதான் மிச்சம். டிரைவர் சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன.

பட்டறைக்காரிக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. லேசில் கலங்குகிற ஆளில்லை அவள். செத்துக் கிடக்கிற வண்டிகளை எழுப்பி உட்கார வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான். உதிரிபாகக் கடைக்காரர்கள் அவள் வருவதைப் பார்த்தாலே போலிச் சரக்கை உள்ளே தள்ளிவிட்டு நல்லதை எடுத்து வைப்பார்கள். ஆனால் இது அவளுடைய அப்பா காலமெல்லாம் ஓட்டிய வண்டி. இனி தீயணைப்பு ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு நிற்கப் போகிறது. நிற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவரே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. வயதான மனுஷன், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. போய்ச் சேர்வதற்குள் அவரை அந்த சீட்டில் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறு எந்த வேலையையும் அவள் அந்த மாதங்களில் கையில் எடுக்கவில்லை.

இறுகிக் கிடந்த பிஸ்டன்களில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். பம்பைப் பிரித்துத் துரு சுரண்டினாள். கதவுக் கைப்பிடிகள் விரல் பட்டாலே திறக்கும்படி கிரீஸ் வைத்தாள். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை ரேகையே அழிந்துவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையாகப் புலம்பினாள்.

கடைசியாக மணிக்கு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால், பானெட்டின் மேல் தொங்கும் பெரிய பித்தளை மணி. துடைக்க உள்ளே கையை விட்டவளின் விரலில் துணி தட்டியது. மணியின் நாக்கைச் சுற்றித் தடித்த கான்வாஸ் துணி, அதன் மேல் வரிவரியாகச் செம்புக் கம்பி. பழைய தண்ணீர்க் குழாயைக் கிழித்து எடுத்த துணி மாதிரி இருந்தது. வண்டி குலுங்கும்போது சத்தம் வராமலிருக்க எந்தப் புண்ணியவானோ கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பச்சை பூத்த கம்பியை இடுக்கியால் வெட்டி, துணியை உரித்துக் குப்பை டிரம்மில் போட்டாள்.

கையில் புகை நாற்றம்.

சோப்புக்கும் போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். "மணியோட நாக்குக்கு எவனோ துணி கட்டி வெச்சிருந்தான்ப்பா. அவிழ்த்துட்டேன். இப்போ கணீர்னு இருக்கு."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஏன் அவிழ்த்தே?"

"ஏன்னா? மணின்னா அடிக்க வேண்டாமா?"

"மறுபடி கட்டிடு." அவர் எழுந்து கை கழுவப் போனார். சாப்பாடு அப்படியே இருந்தது. வயசாக ஆகக் குழந்தை மாதிரி ஆகிவிடுகிறார் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

அன்றைக்கே சாயங்காலம், பட்டறைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தாள்.

மணி ஒரு தடவை அடித்தது.

"யாரது?"

பின்பக்கம் பம்புக்குள் ஏதோ புரண்டது. தண்ணீர்த் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, அவளே காயவைத்திருந்தாள். என்ஜின் ஓடவில்லை. ஆனாலும் பம்பின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கறுத்த தண்ணீர். தரையோடு ஊர்ந்து வந்து அவள் தலைமுடியை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

மணி இரண்டு தடவை அடித்தது.

தண்ணீர் நின்றது.

பழைய குழாயில் எங்கோ தேங்கியிருந்திருக்கும், காற்றில் மணி ஆடியிருக்கும் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். பட்டறையில் காற்றே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் கதவில் எழுத்து எழுதப் பெயிண்டர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், தூரிகையைப் பிடித்தால் வாய் ஓயாமல் கேலி பேசுவார். அன்றைக்கு வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு எதுவும் பேசாமல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட உட்கார்ந்தார்.

"என்ன பெயிண்டர் அண்ணே, வாயைப் பூட்டிட்டு வந்தீங்களா?"

"எங்க அண்ணன் கடைசியா போன வண்டிம்மா இது" என்றார். "நெட்டைன்னு சொல்லுவாங்க. கேட்டிருப்பே. இதுக்குள்ள தலையைக் குனிஞ்சுதான் உக்காருவான்."

அவள் கேட்டதில்லை. அப்பா ஸ்டேஷன் கதைகள் ஆயிரம் சொல்லியிருக்கிறார். நெட்டை என்று ஒருவர் எந்தக் கதையிலும் வந்ததில்லை.

அப்போது மணி அடித்தது.

ஒரு தடவை இல்லை. இரண்டு தடவை இல்லை.

விடாமல் அடித்தது. யாரோ உயிரைப் பிடித்துக்கொண்டு இழுப்பது போல நாக்கு இரண்டு பக்கமும் மோதியது. அருகில் ஒருவரும் இல்லை. பட்டறை முழுக்க ஈரப்புகை நாறியது.

பெயிண்டரின் கையிலிருந்து சுண்ணாம்புக் கட்டி விழுந்தது. "இழுங்கய்யா!" என்று கத்திக்கொண்டு எழுந்தவர், எதை இழுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். மணி மெல்ல ஓய்ந்தது.

"அது என்னண்ணே?" என்று கேட்டாள்.

"அண்ணன் ஸ்டேஷன்ல அப்படி ஒரு பழக்கம்மா. பம்பு ஓடுற சத்தத்துல கூப்பிட்டா கேக்காது. அதனால புகைக்குள்ள போறவன் இடுப்புல கயிறு கட்டிக்குவான். மறுமுனையை மணியோட நாக்குல மாட்டிடுவாங்க. ஒரு தட்டு அடிச்சா தண்ணி விடுன்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா நிறுத்து. விடாம அடிச்சா..." மணியை நிமிர்ந்து பார்த்தார். "என்னை வெளிய இழுங்கன்னு."

"உங்க அண்ணன்..."

"ஒரு கிடங்குக்குள்ள போனான். மத்தவங்க பின்பக்கம் இருந்தாங்க. வண்டிகிட்ட உங்க அப்பா மட்டும்தான். மணி அடிக்கவே இல்லைன்னு விசாரணையில சொன்னாரு. அவன் மயங்கியிருப்பான், கயிறை இழுக்கத் தெம்பிருந்திருக்காதுன்னு நாங்களும் மனசைத் தேத்திக்கிட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க அப்பா மேல எனக்குக் கோபமே இல்லம்மா. மணி அடிக்கலைன்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?"

வாய்க்காரி என்று பேரெடுத்தவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. குப்பை டிரம்மைப் பார்த்தாள். வெட்டிப்போட்ட செம்புக் கம்பி அங்கேயே கிடந்தது. துணியைக் காணவில்லை.

வீட்டுக்குப் போன வேகத்தில் அப்பாவின் முன்னால் நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "நாக்கைக் கட்டி வெச்சிட்டு மணி அடிக்கலைன்னு சொல்லியிருக்கீங்களேப்பா! உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்தது?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் குடிச்சிட்டு வண்டி எடுத்தேன்னு மறுநாள் மேலதிகாரிகிட்ட சொல்லப் போறேன்னான் நெட்டை. நீ அப்போ கைக்குழந்தைடி. வேலை போயிருந்தா உங்களையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் நிறுத்துறது? கொஞ்ச நேரம் பயப்படட்டும்னுதான் கட்டினேன். அப்புறம் இழுத்துடலாம்னு..." மூச்சு வாங்கியது. "கயிறு ஆடிட்டே இருந்தது. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் ஆடலை."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெறுப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவள் தின்று வளர்ந்ததெல்லாம் அந்தக் கயிறு நின்றதால் வந்த சோறு என்று தோன்றியது.

"நாளைக்கு ஸ்டேஷன் விழாவுக்குப் போகாதீங்கப்பா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம். நெட்டை அந்த வண்டியிலதான் இருக்காரு."

"போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. பெயிண்டர் கேப்பான். நீ அந்த நாக்கை மட்டும் கட்டிடும்மா. சைரன் வந்தப்புறம் மணியை எவனும் தொடலை, இத்தனை வருஷம் கட்டியே இருந்தது, ஒண்ணும் ஆகலையே." கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அவன் பக்கமா, என் பக்கமா?"

கேட்கக்கூடாத கேள்வி. பெற்ற அப்பா கேட்டால் பெண் என்ன சொல்வாள்?

காலையில் பட்டறையைத் திறந்து, பழைய கான்வாஸ் குழாயில் ஒரு பட்டை கிழித்தாள். மணிக்குள் கையை விட்டு நாக்கைச் சுற்றிக் கட்டினாள். மேலே புதுச் செம்புக் கம்பி. வேலையில் அரைகுறை அவளுக்குப் பிடிக்காது, அப்பாவைவிட நேர்த்தியாகவே கட்டினாள்.

கடைசி முடிச்சை இறுக்கும்போது மணிக்குள்ளிருந்து ஒரு மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.

"நீயுமா?"

கையை உதறி எடுத்துக்கொண்டாள். எடுத்த கையால் முடிச்சை அவிழ்த்திருக்கலாம். அவள் அவிழ்க்கவில்லை.

ஸ்டேஷன் மைதானத்தில் நல்ல வெயில். பேண்டு வாத்தியம், நாற்காலிகள், கூட்டம். பழைய சீருடையில் அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. அத்தனை பயத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. கூட்டத்தில் நின்ற பெயிண்டர் அவளைப் பார்த்து, "மணியைப் பளபளன்னு வெச்சிருக்கியேம்மா" என்றார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

வண்டி மைதானத்தின் நடுவில் நின்றது. அப்பா இறங்கவில்லை.

கேபினுக்குள் வெள்ளையாக ஏதோ சுருண்டது.

"புகை வித்தை காட்டுறாங்க" என்று யாரோ சொல்ல, கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. வாத்தியம் வேகம் பிடித்தது. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. உள்ளே டிரைவர் தலைக்கு மேல் மணியை இழுக்கும் வார் ஒன்று உண்டு.

மணியின் நாக்கு ஆடத் தொடங்கியது.

தொப்.

தொப். தொப். தொப்.

விடாமல் அடித்தது. வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடினாள். "புகை! நெஜப் புகை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். விரல் பட்டாலே திறக்கிற கதவு இரண்டு கையாலும் இழுத்தும் திறக்கவில்லை. கண்ணாடியை ஸ்பேனரால் அடித்தாள், கீறல்கூட விழவில்லை. பானெட்டின் மேல் ஏறி மணிக்குள் கையை விட்டு முடிச்சைப் பிய்த்தாள். நகம் பிய்ந்தது. நேர்த்தியாகக் கட்டிய முடிச்சு அசையவில்லை.

கண்ணாடியில் அப்பாவின் உள்ளங்கை பதிந்தது.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். கூரை இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்து, அப்பாவைப் பார்த்துக்கொண்டே, எதுவும் செய்யாமல்.

நாக்கு நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

அப்பாவின் நுரையீரல் முழுக்கக் கரி என்றார் டாக்டர். கேபினுக்குள் எதுவும் எரிந்திருக்கவில்லை. புது சீட் உறையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியாக வந்த பெயிண்டர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் முடிவோடுதான் போனாள். நெட்டையின் நாக்கை அப்பா கட்டியது, அப்பாவின் நாக்கைத் தான் கட்டியது, எதையும் மறைக்கப் போவதில்லை. பெயிண்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் இந்தப் பாரம் இறங்கும் என்று நினைத்தாள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அந்த மணி அடிச்சுதாம்மா?"

வாயைத் திறந்தாள்.

நாக்கு புரளவில்லை. பல்லுக்கு நடுவே கனத்து, காய்ந்து கிடந்தது. ஈரப்புகையின் கசப்பு தொண்டைவரை இறங்கியது. மறுபடி முயன்றாள். உள்ளேயிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பெயிண்டர் மெல்ல எழுந்து நின்றார். "தண்ணி கொடுங்க" என்றார் அதிகாரி.

இரண்டு விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினாள். ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள். கரி படிந்த கான்வாஸ் நூல் ஒன்று, நாக்கின் அடியிலிருந்து நீளமாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.