இரண்டு பேருக்கான வீடு

காலைப் பூசை முடிந்து வீடு திரும்பிய அன்ரோனெற் முதலில் கண்டது கோப்பைகளைத்தான். குசினியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மடித்து விரித்த துணியின் மேல் இரண்டு தேநீர்க் கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. இரண்டும் ஈரம். ஒன்றின் விளிம்பிலிருந்து ஒரு துளி அப்போதுதான் துணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பூசையில் நற்கருணை நன்மை வாங்குகிற நாளில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவள்.

"ஆரும் வந்தவையே?" என்று முன்னறையைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லையே," என்றார் வலன்ரைன், கதிரையில் இருந்தபடி, பேப்பரை இறக்காமலே.

"ரெண்டு கோப்பையும் கழுவிக் கிடக்குது."

"நான்தான் குடிச்சனான்."

கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் ஒரு கரண்டியைக்கூடக் கழுவி வைத்தறியாத மனுசன் அவளுடைய கணவர். அதைவிட அந்தத் துணி. தையல் விளிம்பு உள்ளுக்குப் போகும்படி, அவள் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தது. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வந்து சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இந்த வீட்டிலும் சண்டையைத் தொடக்க அவளுக்கு விருப்பமில்லை.

பேசாலையில் அவர்கள் இருந்த வீடு மேல்மாடியும் நீண்ட விறாந்தையுமாக, ஒரு காலத்தில் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் ஓடித் திரிந்த வீடு. பிள்ளைகள் கனடாவுக்கும் நோர்வேக்கும் போன பிறகு அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பூட்டிய அறைகளுக்குள் வௌவால் புகுந்தது, ஓடு ஒழுகியது, கறையான் அலுமாரிகளைத் தின்றது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டால் ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்த அன்ரோனெற், விடிந்தால் பொழுதுபட்டால் அந்த வீட்டையே கூட்டிக்கொண்டிருந்தாள். தலைச்சுற்று வந்து விழுந்த பிறகு டொக்டர் சொன்னார்: "ரீச்சர், இனி மருந்தைக் கூட்ட ஏலாது. வீட்டைக் குறையுங்கோ."

வலன்ரைன்தான் மறித்தார். தகப்பன் கட்டிய வீடு. செத்தாலும் அதற்குள்தான் என்று நின்றார். மன்னாருக்குக் கிட்ட, கீரி என்ற ஊரில் இந்தச் சின்ன வீட்டை வந்து பார்த்த அன்று மட்டும், உள்ளறைக்குள் தனியாகப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தவர், "இது காணும். ரெண்டு பேருக்கு அளவான வீடு," என்றார். அந்த மாற்றத்தை அவள் அன்று மாதா செய்த அற்புதம் என்று நினைத்தாள்.

இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். பின்வளவுப் பனைகள் பகல் முழுவதும் ஓலையோடு ஓலை உரசிக் கரகரத்துக்கொண்டிருந்தன. கடற்கரை மணல் யன்னல் இடுக்கால் மெல்லிய நூலாக நுழைந்து, கூட்டக் கூட்டச் சீமெந்துத் தரையில் மறுபடியும் மறுபடியும் படிந்தது. அந்த மணலின் உப்பு வாடைக்கும் பக்கத்து வளவுக் கருவாட்டு வாடைக்கும் நடுவில், வெளியே போய்த் திரும்புகிற ஒவ்வொரு முறையும் இன்னொரு மணம் அவளை வாசலில் நிறுத்தியது. வெந்தயம் போட்டுக் காய்ச்சிய அவளுடைய தலையெண்ணெயின் மணம். அவள் இல்லாத அறையில், அவள் இப்போதுதான் எழுந்து போனது போன்ற இளஞ்சூட்டோடு.

ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது வலன்ரைன் சிரிப்பது ஒழுங்கை வரைக்கும் கேட்டது. பேசாலையில் அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அவள் படலையைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே போனபோது அவர் தனியாகத்தான் இருந்தார். எதிரே இருந்த கதிரையின் மெத்தை அமுங்கியிருந்து, அவள் பார்க்கப் பார்க்க மெல்ல மேலெழுந்தது.

ஒரு பொம்பிளை வந்துபோகிறாள். இந்த வயதில் இப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. என்றாலும் அவர் குளிக்கப் போன நேரத்தில் தலையணைகளைப் புரட்டிப் பார்த்தாள். கதிரை மெத்தையில் ஒரு முடி அகப்பட்டது. வெளிச்சத்துக்குப் பிடித்தாள். நீளமானது, பாதி நரைத்தது, நுனியில் சுருண்டது. தன் கொண்டையிலிருந்து ஒன்றை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். வித்தியாசம் இல்லை.

அதற்கடுத்த கிழமை தையல் மெசின் காணாமற்போனது.

"எங்கையப்பா என்ர மெசின்?"

"கோயில் ஆக்கள் வந்து கொண்டு போட்டினம். நீதானே குடுக்கச் சொன்னனீ."

"நானோ?"

"காலமை சொன்னனீ. இடத்தை அடைக்குது, குடுத்தால் மனம் லேசாகும் எண்டு."

தன் பேச்சுத்தான் அது. பேசாலை வீட்டைக் காலி பண்ணியபோது ஒவ்வொரு சாமானுக்கும் அவள் சொன்ன பேச்சு. மெசினுக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று மாதாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணக்கூட ஆயத்தமாக இருந்தாள். ஆனாலும் அன்று இரவு படுக்கையில், சொன்னேனோ என்று நெடுநேரம் யோசித்தாள்.

வேலிக்கு அப்பால் குடியிருந்த ஆமினாதான் அந்த யோசனைக்கு முடிவு கட்டினாள்.

"ரீச்சர், என்னோட கோவமா?" என்று கேட்டாள், வேலிக்கு மேலால் எட்டி.

"ஏன் ஆமினா?"

"நேத்துக் காலையில பின்வளவில உடுப்புக் காயப்போட்டுக்கிட்டு நிண்டீங்க. கூப்பிட்டன். என்னைப் பார்த்தீங்க, ஒண்டும் பேசாமச் சிரிச்சிட்டு உள்ளுக்குப் போயிட்டீங்க."

நேற்றுக் காலை முழுவதும் அன்ரோனெற் மன்னார் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தாள், பிறசர் பார்ப்பதற்கு.

"சிரிச்சனானோ?"

"ஓம். நல்ல வடிவாச் சிரிச்சீங்க. இஞ்ச வந்த பொறகு ரீச்சர்ட முகம் தெளிஞ்சிட்டுது எண்டு நான் எங்கட வீட்டிலயும் சொன்னன்." ஆமினா அவளை இன்னும் கொஞ்சம் கிட்டப் பார்த்தாள். பார்த்தவளுடைய சிரிப்புக் குறைந்தது. "இண்டைக்கு என்னவோ... வேற ஆள் மாதிரி இருக்கிறீங்க."

பொழுதுபடுகிற நேரம், விளக்குப் போடுவதற்கு முன்னால், அன்ரோனெற் கணவருக்கு எதிரே போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நான் இல்லாத நேரம் ஆர் இஞ்ச வாறது?"

வலன்ரைன் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிடிபட்டவனுடைய பார்வை இல்லை அது. கள்ளக் காசோ என்று நோட்டைத் திருப்பிப் பார்க்கிறவனுடைய பார்வை.

"காலமை முழுக்க என்னோட கதைச்சுக்கொண்டு இருந்திட்டு இப்ப இப்பிடிக் கேக்கிறியே."

"நான் காலமை பூசைக்குப் போனனான்."

அவர் மடியிலிருந்த பேப்பரின் மடிப்பை விரலால் நீவினார்.

"சரி, என்ன கதைச்சனான்? சொல்லுங்கோ."

"இன்னும் குறைக்கவேணும் எண்டனீ. மெசின் போனது காணாது, வீட்டில இன்னும் ஒண்டு கூடவாக் கிடக்குது, அதுவும் போனால்தான் எங்கள் ரெண்டு பேருக்கும் முழு நிம்மதி எண்டனீ."

"எது கூடவாக் கிடக்குது?"

"அதைத்தான் நானும் கேட்டனான்." வலன்ரைன் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பிறகு சொல்லுறன் எண்டனீ."

அவருக்கு மூளை குழம்புகிறதா, இல்லை அவரும் எவளோ ஒருத்தியும் சேர்ந்து தன்னை விசராக்கப் பார்க்கிறார்களா? இரண்டில் ஒன்று. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், பேசாலையில் மச்சாளைப் பார்த்துவிட்டுப் பொழுதுபடத்தான் வருவேன் என்று சொல்லிச் சீலை மாற்றினாள். ஒருநாளும் இல்லாதபடி வலன்ரைன் படலை வரைக்கும் கூட வந்தார். "அவசரப்படாதை. ஆறுதலா வா," என்றார். அவர் படலைக் கொளுக்கியைப் போடுவது பின்னால் கேட்டது.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. தரிப்பிடத்து நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடற்கரைப் பக்கமாகச் சுற்றித் திரும்பினாள். வெயில் வெள்ளையாகக் கொதித்தது. காற்று மணலை வாரி முழங்காலில் அடித்தது. பனைகளுக்குக் கீழே ஊர்க் கழுதைகள் கூட்டமாக நின்றன; எல்லாம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வால்கூட ஆட்டாமல். அவள் அவற்றுக்குப் பக்கத்தால் போனாள். ஒன்றும் விலகவில்லை. ஒன்றும் காதை உயர்த்தவில்லை.

பின்வளவுக்குள் இறங்கினாள். கொடியில் அவளுடைய நீலப் பூப்போட்ட சட்டை இல்லை. காலையில் அவள்தான் தோய்த்துப் போட்டது. அதை அவள் இன்னும் எடுக்கவில்லை.

செருப்பைக் கழற்றினாள். சுவர் ஓரமாக நடந்தாள். முன்னறை யன்னல் பாதி திறந்திருந்தது.

தலையெண்ணெய் மணம்.

உள்ளே வலன்ரைன் கதிரையில் இருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. எதிரே, யன்னலுக்கு முதுகைக் காட்டியபடி ஒருத்தி. நீலப் பூப்போட்ட சட்டை. தளர்ந்த கொண்டை. கொண்டைக்குக் கீழே பிடரி.

தன் பிடரியை அன்ரோனெற் ஒருநாளும் கண்டதில்லை. இருந்தாலும் தெரிந்தது.

வலன்ரைன் தலையை நிமிர்த்தினார். அவளை நேராகப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் அன்ரோனெற். காற்று அதைக் கொண்டு போய்விட்டது.

"யன்னலில ஆரோ நிக்கினம்," என்றார் அவர், எதிரே இருந்தவளிடம்.

"நீங்கள் இருங்கோ. நான் பாக்கிறன்."

அது அன்ரோனெற்றின் குரல். வகுப்பின் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற குரல்.

உள்ளே இருந்தவள் எழுந்தாள். திரும்பினாள். அன்ரோனெற்றின் முகம்தான். நெற்றிச் சுருக்கம் மட்டும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருமை இல்லை. நன்றாக நித்திரை கொள்கிறவளின் முகம். கவலை ஒன்றுமில்லாதவளின் முகம். அவசரப்படாமல் வந்தாள். கிட்ட வந்து நின்று பார்த்தாள். கோபமாக இல்லை. கொஞ்சம் இரக்கத்தோடுகூட.

யன்னல் கதவு சாத்தப்பட்டது. கொண்டி விழுந்தது.

அன்ரோனெற் முன்வாசலுக்கு ஓடினாள். அங்கேயும் கொண்டி. பின்வாசலுக்கு ஓடினாள். கதவு அவள் முகத்துக்கு முன்னால் மூடியது. அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஆர் அது?" வலன்ரைன் கேட்பது உள்ளே கேட்டது.

"ஒருத்தருமில்லை. காத்து. வாங்கோ, நாங்கள் செபமாலையைத் தொடங்குவம்."

வேலிக்கு மேலால் ஆமினாவின் முகம் தெரிந்தது. அன்ரோனெற் கையை உயர்த்தி வீசினாள். ஆமினா அவளைத் தாண்டி, மூடிக் கிடந்த கதவைப் பார்த்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். "ரீச்சர் செபம் சொல்லப் போறா," என்று தன் வீட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னாள். போய்விட்டாள்.

உள்ளே வலன்ரைன் செபமாலை மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்லி, மறுபாதியை அவள் சொல்வதற்காக நிறுத்தினார்.

அன்ரோனெற் கத்துவதற்காக வாயைத் திறந்தாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். சத்தம் வரவில்லை. அதே கணத்தில் கதவுக்கு அப்பால் அவளுடைய குரல் எழுந்தது, தெளிவாக, நிதானமாக, மந்திரத்தின் மறுபாதியாக. பயந்துபோய் வாயை மூடினாள். குரல் பாதிச் சொல்லில் நின்றது.

உள்ளே அமைதி. இரண்டு பேரும் காத்திருக்கும் அமைதி.

வாய் தானாகத் திறந்தது. இந்த முறை அவள் திறக்கவில்லை. குரல் உள்ளே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூட முடியவில்லை. கையால் தாடையைத் தள்ளினாள். மூட முடியவில்லை. செபமாலையில் ஒவ்வொரு மணியாகச் செபம் நகர்ந்தது. சோளகம் வளவைக் கூட்டிக்கொண்டு வந்து, திறந்தே நின்ற அந்த வாய்க்குள் மணலை ஒவ்வொரு பிடியாக இறைத்தது.