காய்ச்சல் அட்டை

“செத்தா சாவட்டும். துணைப்படைதானே!”

வினோத்குமார் நான்கு பச்சை மூடிகளைப் பலகையிலிருந்து அள்ளி டப்பாவில் போட்டான்.

சிந்தியாவுக்குச் சுருக்கென்றது.

இருவரும் ஏழாம் வகுப்பு. பள்ளியின் வரலாற்றுக் கண்காட்சிக்காக ரோமானியப் போர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வைத்திக்குப்பத்தில் வினோத்தின் அப்பா மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியின் மூடிதான் பலகை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும், ரோம் நகரம் முழுவதும் வஞ்சிர மீன் வாசனை அடித்தது.

பாட்டில் மூடிகள்தான் படைகள். சிவப்பு மூடிகள் ரோமானியக் குடிமக்கள். பச்சை மூடிகள் துணைப்படை. அதாவது, ரோமானியர் பிடித்த ஊர்களிலிருந்து சேர்த்துக்கொண்ட வெளியூர் வீரர்கள்.

விதிகளை எல்லாம் வினோத் தன் அண்ணனின் கணினி விளையாட்டிலிருந்து எடுத்திருந்தான். ஓர் ஊரைப் பிடித்தால், அடுத்த முறையே அங்கே துணைப்படை கிடைக்கும். ஒரு மூட்டை கோதுமைக்கு இரண்டு பச்சை மூடிகள். அவர்களை முன்னால் நிறுத்திவிட்டால் சிவப்பு மூடிகள் பத்திரம்.

“இது பொய்டா. நூலகப் புத்தகத்துல படிச்சேன். துணைப்படையில சேர்ந்தா இருபத்தஞ்சு வருஷம் இருக்கணும். அதுக்கப்புறம்தான் நீயும் ரோமக் குடிமகன்னு எழுதித் தருவாங்க. நெறைய பேரை சொந்த ஊரை விட்டு எங்கேயோ அனுப்பிடுவாங்க” என்றாள் சிந்தியா.

“இருபத்தஞ்சு வருஷமா? ஆட்டம் முடியறதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சிடும். உண்மை வேற, ஆட்டம் வேற.”

“முன்னாடி தள்ளி விடறதும் பொய்தான்.”

“அதே புத்தகத்துல பாரு.”

அவள் அதைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினாள். பிரிட்டனில் நடந்த ஒரு போரைப் பற்றி எழுதியிருந்தது. தளபதி துணைப்படையை முன்னால் நிறுத்திவிட்டு, ரோமானியப் படையைப் பின்னால் வைத்துக்கொண்டாராம். ரோமானிய ரத்தம் சிந்தாமல் வென்றால் பெருமை அதிகமாம்.

“பாத்தியா? இந்த ஒரு விஷயத்துல என் ஆட்டம்தான் உண்மை!” என்று வினோத் சிரித்தான்.

பக்கத்து மேசையில் கோட்டை செய்துகொண்டிருந்த ஜெர்ரி திரும்பிப் பார்த்தான்.

“சிந்தியா, உங்க வூடு சொல்தா வூடுதானே? பிரெஞ்சுக்காரன் உங்க கொள்ளுத்தாத்தாவையும் இப்படித்தான் முன்னாடி தள்ளி விட்டிருப்பான்.”

சிந்தியா எழுந்து நின்றாள்.

“அவர யாரும் தள்ளல. கொடி புடிச்சுக்கிட்டு அவரே முன்னாடி போனாரு. அதுக்கு வந்த பாராட்டுக் காகிதம் எங்க ஹால்ல மாட்டியிருக்கு. கொண்டாந்து காட்டறேன், பாரு!”

ஃபாத்திமா மிஸ் அதைக் கேட்டுவிட்டார். “கொண்டு வாம்மா. உங்க விளையாட்டுக்குப் பக்கத்துலயே வைக்கலாம்” என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட காலத்தில் அவர்கள் படையில் சேர்ந்தவர்களைச் சொல்தா என்பார்கள். சிந்தியாவின் கொள்ளுத்தாத்தா அருளப்பன் ஒரு சொல்தா. கப்பலேறி, பிரெஞ்சுக்காரர்கள் போர் நடத்திய சைகோனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஒரு காகிதம்தான் வந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஊரில் அவருக்குக் கல்லறை இல்லை. அதனால் கல்லறைத் திருநாளன்று அந்தச் சட்டத்தின் கீழேதான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அப்பா மிக்கேல் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி ஒவ்வொரு வருடமும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் போய் விறைப்பாக நிற்பார்.

அந்தக் காகிதம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. சிந்தியாதான் இரண்டு வருடமாகப் பள்ளியில் படிக்கிறாள்.

அன்று மாலை அவள் சட்டத்தை இறக்கித் துடைத்தாள். கண்காட்சிக்குத் தமிழில் எழுதி வைக்கலாம் என்று அகராதியோடு உட்கார்ந்தாள்.

அருளப்பன் என்ற பெயர் முதலில் தெரிந்தது. அடுத்த சொல்லுக்கு அகராதியே தேவைப்படவில்லை. குயிசினியே. பாடப்புத்தகத்தில் தொப்பி போட்ட மனிதர் சட்டியைக் கிளறும் படத்துக்குக் கீழே அந்தச் சொல்தான் இருந்தது. சமையல்காரர்.

அவள் மேலே படித்தாள். சைகோன் ராணுவ மருத்துவமனை. கடும் காய்ச்சல். இறந்த நாள், 1951 மார்ச் 9. கல்லறை எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கொடி என்ற சொல் எங்கேயும் இல்லை. பாராட்டும் இல்லை.

தட்டாஞ்சாவடி லேத் பட்டறையிலிருந்து அப்பா வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கை கழுவாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பத்து வயசுல எங்கப்பாவக் கேட்டேன், இதுல என்ன எழுதியிருக்குன்னு. கன்னத்துல ஒரு அறை விழுந்துச்சு. அதுக்கப்புறம் நான் கேக்கல” என்றார்.

“மிஸ் இதைக் கொண்டு வரச் சொன்னாங்கப்பா.”

“வேணாம்.” அப்பாவின் குரல் உயரவில்லை. “எழுபது வருஷமா இந்தத் தெருவுல இது கொடி புடிச்சவன் வூடு. ஒரே நாள்ல சட்டி புடிச்சவன் வூடுன்னு ஆக்கிடாத.”

அம்மா பெர்னதெத் சமையலறை வாசலில் வந்து நின்றார். பிறகு உள்ளே போனார்.

சிந்தியா அகராதியை மூடினாள்.

“சரிப்பா. காகிதத்தக் கொண்டு போகல. ஆனா கொடின்னும் இனிமே சொல்ல மாட்டேன். என்னால முடியாது.”

அப்பா எழுந்தார். சட்டத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஜெர்ரி வகுப்பு வாசலிலேயே காத்திருந்தான். “காகிதம் எங்க?” என்றான்.

“கொண்டு வரல.”

“இருந்தாத்தானே கொண்டு வருவ!”

சிந்தியா அவனைத் தாண்டி நடந்தாள். மேசைக்குப் போய், வெள்ளை அட்டைகளை வெட்டி எழுதத் தொடங்கினாள். வினோத் எட்டிப் பார்த்தான்.

“காய்ச்சல் அட்டையா? என்னது இது?”

“படை ஒவ்வொரு தடவை நகரும்போதும் கட்டுலேருந்து ஒரு அட்டை எடுக்கணும். காய்ச்சல் வந்தா ஒரு பச்சை மூடி போயிடும்.”

“சண்டையே போடாம செத்துப் போறதா? ஆட்டத்துல அப்புறம் என்ன இருக்கு? யாரு இதை ஆடுவா?”

“என் கொள்ளுத்தாத்தா அப்படித்தான்டா செத்தாரு.”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். வினோத் கையில் வைத்திருந்த பகடையைக் கீழே வைத்தான்.

“கொடின்னு சொன்னியே?”

“எனக்கும் நேத்துதான் தெரியும். அவரு படையில சமையல்காரரு. யாருகிட்டயும் சொல்லாத. அப்பாவுக்குப் பிடிக்கல.”

வினோத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எங்க மாமா கடலுக்குப் போன எடத்துல போட்லயே மஞ்சக்காமாலையில செத்தாரு. புயல்ல போயிட்டாருன்னுதான் எங்க வூட்லயும் சொல்லுவாங்க” என்றான்.

சிந்தியா வெட்டிய அட்டைகளை எண்ணி அடுக்கினாள்.

“இருபது அட்டையில எத்தனை காய்ச்சல் போடலாம்?” என்று வினோத்தே கேட்டான்.

“ஆறு?”

“ஆறு போட்டா எல்லாப் படையும் வழியிலேயே காலி. தப்பிக்கறதுக்கு ஒரு வழி வேணும். இல்லன்னா அது ஆட்டமே இல்ல.”

சிந்தியா புத்தகத்தைத் திறந்தாள். ஒரு கூடாரத்துக்கு எட்டு வீரர்கள். தங்கள் மாவைத் தாங்களே அரைத்து, தாங்களே சமைத்தார்கள் என்று அதில் இருந்தது.

“ஒரு மூடின்னா ஒரு கூடாரம், எட்டுப் பேரு. ஒரு முறை நகராம நின்னு சமைச்சா, அடுத்த முறை அட்டை எடுக்க வேணாம்” என்றாள்.

மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். வினோத் வழக்கம்போல் பச்சை மூடிகளை முன்னால் ஓட்டி, இரண்டில் தோற்றான். மூன்றாவதில் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுத் தொட்டு யோசித்தான்.

“இப்பதான் பயமா இருக்கு. நல்லா இருக்கு” என்றான்.

கண்காட்சி நாளன்று அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேசையைச் சுற்றிக் கூட்டம். நடுவராக வந்த ஆசிரியர் ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே குனிந்து, “இது என்ன வாசனை?” என்றார்.

“துறைமுகம், சார்” என்றான் வினோத்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மேசை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். காகிதம் அங்கே இல்லை.

“நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்களேன்” என்றார் ஃபாத்திமா மிஸ். எதிரே ஜெர்ரி உட்கார்ந்தான். ஆட்டக் கணக்கை எழுத சிந்தியா நோட்டோடு நின்றாள்.

அப்பா வேகமாக ஆடினார். இரண்டு ஊர்களைப் பிடித்து ஆறு பச்சை மூடிகளைச் சேர்த்தார். ஆறையும் வரிசையாக முன்னால் தள்ளினார்.

“நின்னு சமைக்கலாம் அங்கிள்” என்று வினோத் நினைவுபடுத்தினான்.

“சமைக்க எங்க நேரம்?” என்று அப்பா கட்டிலிருந்து மேல் அட்டையை எடுத்தார்.

சிந்தியாவின் கையெழுத்து. அவர் சத்தமாகவே படிக்கத் தொடங்கினார். “காய்ச்சல். எட்டுப் பேர் இறந்தார்கள்...” குரல் இறங்கியது. “இவர்களும் படைவீரர்களே.”

ஜெர்ரி பகடையைக் குலுக்கிக்கொண்டே, “அங்கிள், உங்க தாத்தா கொடி புடிச்சுக்கிட்டே செத்தாராமே? காகிதம் இருக்குன்னு சிந்தியா சொன்னா. காட்டவே இல்ல” என்றான்.

“டேய், பேசாம உருட்டுடா!” என்று வினோத் அதட்டினான்.

சிந்தியா தரையைப் பார்த்தாள். மகள் வாயை மூடிக்கொண்டு நிற்பதை அப்பா பார்த்தார். அவளைச் சுற்றி நின்றவர்களையும் பார்த்தார். அவர்களில் இருவர் அவர் தெருக்காரர்கள்.

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

“காட்ட வேணாம்னு சொன்னது நான்தான், தம்பி” என்றார். “கொடி புடிக்கல. அவரு சமையல்காரரு. ஒரு படைக்கே சோறு போட்டாரு. சைகோன் ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல செத்தாரு. பேரு அருளப்பன்.”

தெருக்காரர் ஒருவர் மற்றவரைத் திரும்பிப் பார்த்தார். ஜெர்ரி பகடையைக் குலுக்குவதை நிறுத்தினான்.

“உன் முறை வரட்டும், இரு. நான் இன்னும் முடிக்கல” என்று அப்பா ஒரு பச்சை மூடியை எடுத்து டப்பாவில் வைத்தார். போடவில்லை, வைத்தார். பிறகு மிச்சம் இருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தினார்.

“அடுத்த முறை நான் எங்கேயும் போகல, சிந்தியா. எழுதிக்க. இவங்க சாப்பிடட்டும்.”