செத்தவனுக்கு ஒரு பெயர்

படத்தின் பியானோ ஓசைக்கு அடியில், தினமும் தெருவில் மீன் விற்க வரும் வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவின் கூவல் கேட்டது. ஜோவிதா ஹெட்போனைக் கழற்றினாள். நெல்லித்தோப்புத் தெரு மத்தியான வெயிலில் ஓய்ந்து கிடந்தது. மறுபடி மாட்டினாள். கூவல் படத்துக்குள் இருந்தது, எழுபது வருடத்துக்கு முந்தைய பாரிஸ் தெருவொன்றில்.

யாரும் சீண்டாத அந்தக் கறுப்பு வெள்ளை பிரெஞ்சுப் படத்தின் மேல் அவளுக்குப் பித்து. கொலைகாரன் முகம் கடைசிவரை தெரியாது. கேமரா ஒரு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருக்கும், அதற்கு அப்பால் மூச்சிரைப்பும் செருப்பு தேய்வதும் மட்டும் கேட்கும், பார்க்கிறவன்தான் மனசுக்குள் கத்தியை இறக்கிக்கொள்ள வேண்டும். இதை ரசிக்கத் தெரியாமல் போனமுறை திரைப்படச் சங்கத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். வந்ததே கோபம் அவளுக்கு. தமிழ் சப்டைட்டில் போட உட்கார்ந்துவிட்டாள். நம்மூர் ஆட்களுக்கு ஒட்டட்டும் என்று, படத்தில் பெயரே இல்லாமல் சாகிறவனுக்குத் தன் கணவன் பெயரை வைத்தாள். லூர்து. கொஞ்சம் குறும்பும்தான்.

இப்போது திரையில் அந்தச் சாகப்போகிறவன் படியேறினான். கையில் வயர்கூடை. மீன்வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் அந்த நடை லூர்துவுடையது.

சப்டைட்டிலில் இருந்த பெயரை அழித்தாள். அவன் ஏறிக்கொண்டே இருந்தான். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

கீழே கேட் கிறீச்சிட்டது.

"ஜோவி! வஞ்சிரம் வாங்கினு வந்துட்டேன்!"

"மேல வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

"இன்னாடி ஆச்சு?" சிரித்துக்கொண்டே ஏறினான்.

ஓடினாள். தாழ் போடாத அறைக்கதவு அசைய மறுத்தது. வெளியே, லூர்து வருவதற்கு முன்பே, யாரோ மூச்சு விட்டார்கள்.

"யாருய்யா நீ? வூட்டுக்குள்ள எப்டி..."

கூடை உருண்டது. ஏதோ கிழிந்தது. ஈரமாக. மறுபடி. மறுபடி. கதவை நகங்கள் பிராண்டின. அவள் தலையால் மோதினாள். கத்தினாள். மாதாவே, அவர விட்டுடச் சொல்லு என்று அழுதாள். கதவடியில் வழிந்த ரத்தம் அவள் பாதத்தைத் தொட்டது. சுட்டது.

அமைதி.

கதவு தானாகத் திறந்தது.

லூர்து நின்றான். தலை முதுகுப்பக்கம் தொங்கியது. கழுத்து காதிலிருந்து காதுவரை பிளந்திருந்தது. அந்தப் பிளவு அசைந்தது. திறந்தது. மூடியது. ரத்தம் கொப்பளிக்க, அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாத பிரெஞ்சில் பேசியது.

அவளுக்குப் புரிந்தது. அழாதே, கிட்ட வா என்றது. அவன் கைகள் இரண்டும் அவளுக்காக விரிந்திருந்தன.