தட்டில் வளர்ந்த கை

காலையில் பார்த்தபோது அந்தக் கையின் கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது.

கண் கோளாறாக இருக்கும் என்று அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சமையலறை அலமாரியில், கண்ணாடி மூடிக்குக் கீழே, கிருமி வளர்க்கும் தட்டில் உறைந்த கடற்பாசிக் கூழின் மேல், செத்துப்போன கணவரின் வலது கை வெள்ளை வெளேரென்று வளர்ந்திருந்தது. கிருமிகளை ஆராய்வதுதான் அவர் வேலை. படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, விளையாட்டாக உள்ளங்கையை அந்தக் கூழில் அழுத்தினார்; தோலில் குடியிருந்த கிருமியெல்லாம் கை வடிவிலேயே முளைத்தது. "பாத்தியா, இத்தனை பேரோடதான் நீ குடும்பம் நடத்தியிருக்கே," என்று சிரித்தார். என்ன மனுஷன்! அவரில் உயிரோடு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

கூழ் தீர்ந்தால் கை செத்துவிடும். அதனால் அவர் சொல்லிக்கொடுத்தபடியே வெல்வெட் துணியை வேறு கிருமி இல்லாமல் ஆவியில் வேகவைத்து, பழைய தட்டில் ஒற்றி, புதுத் தட்டில் ஒற்றி, மாற்றி மாற்றிக் காப்பாற்றிவந்தாள். வெறுங்கை மட்டும் படவே கூடாது என்பார். போன முறை அவளுக்கு உடம்பில் தெம்பே இல்லை. துணியை யார் வேகவைப்பது? தன் உள்ளங்கையையே அவர் கைமேல் வைத்து, புதுத் தட்டில் அழுத்திவிட்டாள். வைத்த கையை எடுக்க வெகுநேரம் மனசு வரவில்லை.

"அம்மா, அதைத் தூக்கிப் போடு," என்றாள் மகள் போனில். "சாயங்காலம் வரேன். பெட்டியைக் கட்டி வை. இனிமே என்கூடத்தான்."

"உங்கப்பாவையும் கூட்டிட்டுத்தான்டி வருவேன்."

"ஐயோ, நல்லா இருக்கு போ!"

மத்தியானத்துக்குள் மற்ற விரல்களும் மடங்கிவிட்டன. சமையலறை முழுக்க ஈர வாடை, அதற்கு அடியில் வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அடிக்கும் சோப்பும் வியர்வையும் கலந்த வாசனை. குழாயை இறுக மூடியும், ஈரத்தோலை மெல்ல உரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வலது கை மரத்துப்போயிருந்தது. வயசானால் எல்லாம்தான் மரத்துப்போகிறது, இதுக்கெல்லாம் யார் வைத்தியம் பார்ப்பது என்று விட்டுவிட்டாள்.

வெளிச்சம் மங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. பிளீச்சிங் தண்ணீர் பாட்டிலை இடது கையில் எடுத்துவந்தாள்.

"மன்னிச்சிடுங்க. என்னால முடியல."

மூடியைத் திறந்தாள். கூழின் மேல் கை இல்லை. கை இருந்த இடத்தில் பள்ளம் மட்டும்.

சத்தம் நிற்கவில்லை. அவள் பக்கத்திலிருந்துதான் வந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் வேறு ஐந்து விரல்கள். வெள்ளையாக. ஈரமாக. கோர்த்துப் பிடித்திருந்தன.

பாட்டிலைச் சாய்த்தாள். பிடி இறுகியது. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவர் பிடித்த அதே பிடி. ஊற்ற முடியவில்லை. பாழாய்ப்போன மனசு.

அழைப்பு மணி அடித்தது.

"அம்மா! கதவைத் திற."

"உள்ள வராதே! போயிடு!"

வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போனது. தாழ்ப்பாளைத் தள்ளியது. வாசல் இருட்டில் பையோடு நின்ற மகளின் கன்னத்தைத் தடவியது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா... அப்பா வாசனை."

அம்மா பதறிப்போய்க் கையைப் பிடுங்கினாள். வெள்ளை விரல்கள் மகளின் கன்னத்திலேயே இருக்க, அவளுடைய விரல்கள் மட்டும் திரும்பி வந்தன.