பூஜ்ஜியமாய் வந்த ஞாயிறுகள்

ஞாயிறு பூசை முடிந்ததும் தூத்துக்குடிக்காரர்களில் பலர் துறைமுகச் சாலையிலுள்ள பெறுநிலையத்துக்குப் போவார்கள். நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தால், சனிக்கோளின் நிலவான டைட்டனில் வேலை பார்க்கும் கணவனோ மனைவியோ வாழ்ந்த ஒரு மணிநேரம் உள்ளே விரியும். அவர்கள் பார்த்தது, தொட்டது, நினைத்தது எல்லாம் வரும். வாழ்ந்ததைச் சரமாகக் கோத்து அனுப்புவதால் அதற்கு உணர்சரம் என்று பெயர்.

பிரிட்டோ அன்று பட்டையைக் கழற்றியபோது முகம் வெளிறியிருந்தது. சரத்தில் அவன் மனைவி அமலி மீத்தேன் ஏரிக்கரையில் குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு நிற மூட்டம். கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன. அவனையும் நினைத்தாள், பக்கத்து வீட்டுச் சுவரை நினைப்பதுபோல. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். அவனும் மனம் இறுகிப்போய்த் தன் மணிநேரங்களை அனுப்பிக்கொண்டிருந்தான். இன்று அவள், ஊர் திரும்பும் கப்பலில் ஏறுவதா, இன்னொரு ஒப்பந்தம் போட்டு அங்கேயே தங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணாச்சி, மூஞ்சி செத்துப்போயிருக்கு?" என்றாள் நிலையப் பொறியாளர் இசக்கி.

"அவளுக்கு என் மேல இருந்த பாசம் விட்டுப்போச்சு."

"நீங்களுமா? காலையிலேர்ந்து வர்றவுகள்லாம் இதையே சொல்லுதாக. டைட்டன்ல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒண்ணாவா மனசு மாறும்?"

அவள் அமலியின் சரத்தைத் திரையில் பிரித்தாள். வரிவரியாகப் பார்த்தாள்.

"மழைக்கு முன்னால நம்ம சர்வர்ல புதுப் பதிப்பு போட்டாங்கள்லா? முன்னாடி பாசமெல்லாம் ‘நெருக்கம்’னு ஒரே கட்டத்துல வரும். இப்போ அதைப் பலதாப் பிரிச்சிட்டாங்க. அக்கா பட்டை பழசு, பழைய பேர்லதான் அனுப்புது. நம்ம சர்வர் புதுப் பேரைத் தேடுது, கிடைக்கல."

"கிடைக்கலைன்னா நிறுத்திற வேண்டியதுதானே?"

"நின்னா சனங்க சண்டைக்கு வருவாங்கன்னு, இல்லாத இடத்துல பூஜ்ஜியத்தை நிரப்பச் சொல்லியிருக்காங்க. நீங்க அனுப்பினதும் அங்க அப்படித்தான் போயிருக்கும்." திரையில் ஓரிடத்தைத் தொட்டாள். "அக்கா அனுப்பினது இந்தா இருக்கு. நமக்குத்தான் படிக்க வரல."

பிரிட்டோ அந்த எண்களையே பார்த்தான். "இப்பவே சரிபண்ண முடியுமா?"

"அங்க பட்டையை மாத்தணும், நாளாகும். பழுது சொல்லுத குரல்வழி ஒண்ணு இருக்கு. வாயால பேசலாம்."

பிரிட்டோ ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தான். அவனும் அமலியும் காதலித்ததும் சரங்களில்தான். பிடித்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. அவர்கள் காலத்தில் யாருமே சொன்னதில்லை.

"அமலி, எந்திரக் கோளாறு. நான் அப்படி இல்ல. கட்டில்ல உன் பக்கம் துணியை மடிச்சு வச்சிருக்கேன். காலியாத் தெரியக்கூடாதுன்னு. அதைக் கலைக்காமப் படுக்கேன். வந்துரு."

அவ்வளவுதான் வந்தது. ஒளியின் வேகத்தில் குரல் சனிவரை போய், பதில் திரும்ப மாலையாகிவிட்டது. அதுவரை அவன் நாற்காலியைவிட்டு எழவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"கப்பல் போயிருச்சு, மக்கா. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்குள்ள என்னைத் தேடினேன்..."

பிறகு அவள் அழுதாள். அவளுடைய அழுகையை அவன் எப்போதும் அவளுக்குள்ளிருந்தே அறிந்திருந்தான். வெளியிலிருந்து அதைக் கேட்பது இதுவே முதல் முறை. அது எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"நிறுத்தாதீங்க," என்றது குரல். "பேசுங்க. எதையாவது பேசுங்க."