யாரை அனுப்பலாம்

தம்பி கிரண்குமாரின் சாமான்களோடு சார்ஜர் வரவில்லை. அவன் விளையாடிக்கொண்டிருந்த கையடக்க வீடியோ கேம் மட்டும் ஒரு சட்டைக்குள் சுருட்டி வந்திருந்தது. நாலு மாதமாக அதற்கு யாரும் சார்ஜ் போடவில்லை. ஆனாலும் ரூபா எப்போது திறந்தாலும் அதன் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் ஆச்சரியப்படவில்லை. தம்பி சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் தண்ணீரில் விழுந்து செத்து, ஆணியடித்த பெட்டியில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து வேனில் ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. "திறக்காதீங்கம்மா, பாக்கிற மாதிரி இல்ல" என்றான் அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட். திறக்கவில்லை. அழவும் இல்லை. சொந்த ஊரான வெதுருகுப்பத்தில் காரியம் முடிந்த மறுநாளே திருப்பதிக்குத் திரும்பி, டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போட உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கொர்லகுண்டா வாடகை வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேமைத் திறப்பாள்.

ஜப்பான்காரன் செய்த கேம். இடிந்துபோன ஒரு நகரம், முடிவே இல்லாத நடைவழிகள், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பேய். போன சங்கராந்திக்கு லீவில் வந்தபோது கிரண்தான் சொல்லிக்கொடுத்தான். "அடிக்கத் தேவையில்லக்கா. பேசு. அது கேக்கறதுக்குச் சரியா பதில் சொன்னா நம்ம கூட வந்துடும். ஆனா பன்னெண்டுதான் வெச்சிக்க முடியும். புதுசா ஒண்ணு வரணும்னா உள்ள கீறதுல ஒண்ணை அனுப்பிடணும்."

பன்னிரண்டையும் நிரப்பிவிட்டுத்தான் அவன் போயிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. ஃபேன் நின்றதும் மலையடியில் அலிபிரிக்குப் போகிற ஜீப்புகளின் ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில், உள்ளே அம்மா செல்லியம்மா அம்மியில் துவையல் அரைக்கிற கரகரப்பு என்று ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அதற்கு நடுவில் டீசலும் உப்பும் துருவும் கலந்த, ரொம்ப நாள் தேங்கிக் கிடந்த தண்ணீரின் வாசனை எங்கிருந்தோ மெல்ல வந்து அறையில் நின்றது.

"இன்னும் அதையே நோண்டிக்கினு கீறியா?" உள்ளேயிருந்து செல்லியம்மா கேட்டாள். "காலைலேர்ந்து வெறும் வயிறு. வந்து துன்னு."

"வரேம்மா."

கேமில், நடைவழியின் கோடியில் ஒரு பேய் நின்றது. மற்றதுக்கெல்லாம் கொம்போ இறக்கையோ இருந்தது. இது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆரஞ்சு நிற வேலை உடுப்பு. தலைமுடி நனைந்து பிடரியில் ஒட்டியிருந்தது.

'பேசு' என்பதை அழுத்தினாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இங்கிலீஷ் எழுத்துதான். பேச்சு இங்கிலீஷ் இல்லை.

அம்மா துன்னுச்சா.

ரூபா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஜப்பான்காரன் கேமில் தங்கள் வீட்டுப் பேச்சு எப்படி வந்தது என்று பதற வேண்டிய மனசு மரத்துக் கிடந்தது. 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

நீ அழலியா அக்கா.

இல்லை.

நான் வரட்டா.

கட்டைவிரல் நின்றது. நாலு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. 'வா' என்பதை அழுத்தினாள்.

இடம் இல்லை. யாரை அனுப்பலாம்?

பன்னிரண்டு பேய்களின் பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டே பெயர்கள்.

ரூபா.

செல்லியம்மா.

விளையாட்டுதானே என்று நினைத்தாள். விரல் முதலில் தன் பெயரில்தான் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

அழுத்தினாள்.

அம்மிச் சத்தம் நின்றது.

"அம்மா?"

எங்கோ தண்ணீர் சொட்டியது.

எழுந்து போனாள். அம்மியில் பாதி அரைத்த துவையல். குழவி இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. மணை காலி. கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி.

கையிலிருந்த கேமைப் பார்த்தாள்.

அதே நடைவழி. அதில் செல்லியம்மா. விரலளவு. வீட்டுப் புடவை, கையெல்லாம் துவையல். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால், திருப்பத்தில், கொம்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

எல்லாப் பட்டனையும் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அம்மா நிற்கவில்லை. திரும்பவில்லை.

முதுகுப் பக்கம் தட்டு நகர்ந்தது. யாரோ சோறு பிசைகிற சத்தம். சதக். சதக்.

ரூபா திரும்பினாள். எதிரே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். வெளுத்து ஊறிய கை. விரல்களில் நகம் இல்லை.

அது ஒரு கவளம் உருட்டியது. நீட்டியது. கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

ரூபா வாயைத் திறந்தாள்.