கம்பிமேல் கை

ஆம்ப்ளிஃபயரின் உறுமல் சட்டென்று நின்றது. கிதார்மேல் யார் கையும் இல்லை.

சால்டரிங் அயர்னைப் பிடித்தபடியே அவள் நிமிர்ந்தாள். ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவள். பேஸ் கிதாரின் குணம் அவளுக்குத் தெரியும். சும்மா சாத்தி வைத்தால் மெல்ல உறுமிக்கொண்டிருக்கும். மனிதக் கை கம்பியில் பட்டால்தான் அடங்கும்.

நாற்காலியில் சாய்ந்திருந்த கிதார் அவள் தம்பியுடையது. “டோன் ரொம்பக் கீச்சுனு இருக்குக்கா. அடிவயித்துல கேக்கற மாதிரி மாத்திக் குடு” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவன், மேடை விளக்கு மாட்டும் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். விழுமுன் குறுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கினானாம். கீழே நின்றவர்கள் ஏணி எடுத்துவர ஓடியிருக்கிறார்கள்.

“இனிமே யாருக்குடி அது?” சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

“கேட்டுட்டுப் போனான்லம்மா.”

அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகை வெளியே கேட்காமலிருக்க அப்படித்தான் செய்வாள்.

வெளியே மழைநாள் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. உருகிய ஈயத்தின் புகை வாசனைக்கு அடியில், கிதாரைத் தோளில் மாட்டும் பட்டையில் ஊறிப்போயிருந்த அவன் வியர்வை வாசனை லேசாக எழுந்து, அறை முழுக்க நின்றது. அவள் கேபிளை அசைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கும் எரிந்தது. உறுமல் திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி அடங்கியது.

“நீயாடா?”

புதிய கெபாசிட்டர் வைத்த டோன் குமிழை அவள் மெல்லத் திருப்பினாள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

“இப்பப் பாரு. நல்லா இருக்கா?”

தடித்த கம்பி தானாக அமுங்கி மரத்தைத் தொட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. நான்கும்.

வாசிக்கிற பிடி இல்லை அது.

கிதாரின் கழுத்து நடுங்கியது. ஸ்பீக்கரில் மூச்சு. அடிவயிற்றிலிருந்து வரும், தொங்குகிறவனின் மூச்சு.

மெல்லிய கம்பி விடுபட்டு மேலெழுந்தது.

“டேய், விட்றாதே!”

பாய்ந்து கிதாரின் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். கிதாரின் கனம் இல்லை. வளர்ந்த ஆளின் கனம். தரையை நோக்கி இழுத்தது. முழங்கால் மடங்கியது. தோள் மூட்டு கழன்றுவிடும்போல் வலித்தது.

“அம்மா! ஓடி வாம்மா!”

குழாய்ச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

“பிடிச்சிருக்கேன்டா கண்ணா. அக்கா பிடிச்சிருக்கேன்.”

அவள் உள்ளங்கைக்கு அடியில் வியர்த்த விரல் ஒன்று நழுவியது. பிறகு இன்னொன்று.